வைகாசித் திங்களும் யாழ்நூல் தந்த முனிவரும்

ஈழத்தின் கீழைக்கரையில் வைகாசித் திங்கள் பிறந்துவிட்டால் ஊர்கள் ஒரு புதுக்கோலம் பூணும். மாரிப்போக வேளாண்மையை வெட்டிச் சூடடித்து நெல்லை வீட்டிற் சேர்த்துவிட்ட உழவர்க்குக் கையிற் சிறிது ஓய்வு உண்டு. குளங்களில் நீர் வற்றும். மேற்றிசையினின்று கச்சான் காற்று வெம்மையை வாரிக்கொண்டு வந்து வீசும். அம்மை முதலிய வெப்பு நோய்கள் தலைகாட்டுங் காலமும் அதுவே. அக்காலத்திலேதான், ஆண்டின் பெரும்பகுதியும் அடைத்துக் கிடந்த கண்ணகையம்மன் கோயில்கள் பலவற்றின் கதவுகள் திறக்கப்படும். உடுக்கின் ஒலி எழும். சிதறிக் கிடந்த உற்றார் ஊர் திரும்புவர். பகையாய் நின்ற இரு வீட்டாரும் ஒரே பந்தரின்கீழ் வந்து நிற்பர்.

அவ்வாறு நின்ற கூட்டத்தினிடையே, ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், காரைதீவு என்னுஞ் சிற்றூரிலே மயில்வாகனம் என்னும் சிறுவன் ஒருவனும் நின்றான். அவனே பிற்காலத்தில் விபுலானந்த அடிகள் என உலகம் போற்றிய பேரறிஞன். பண்டிதர், விஞ்ஞானப் பட்டதாரி, துறவி, பேராசிரியர், யாழ்நூலாசிரியர் எனப் பலபடியாக அவரை நாம் அறிவோம். அவர் பெற்ற பட்டங்களையும் வகித்த பதவிகளையும் நிரல்படுத்துவது எளிது. மாணவர் பலர் அவற்றை மனனஞ் செய்தும் இருப்பர். ஆயின் அப்பெருவாழ்வின் வேர் எம்மண்ணில் ஓடியது என்பதை ஆராய்வார் சிலரே. ஊரார் கூடி நிகழ்த்தும் வேனில் விழாவுக்கும் அடிகளாரின் ஆராய்ச்சிக்கும் இடையே உள்ள உறவை நோக்கி அவர் வரலாற்றைச் சொல்லுவதே இக்கட்டுரையின் கருத்து.

பிறந்த ஊர்

காரைதீவு கல்முனைக்குத் தெற்கே கடலுக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கும் ஊர். வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், தெற்கே நிந்தவூரும் அயலூர்கள். அங்கு வாழ்வோர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள். ஒருவர் வயலின் வரம்பு மற்றவர் வயலுக்கும் வரம்பாதல்போல, ஒருவர் வாழ்வு மற்றவர் வாழ்வோடு ஒட்டிக் கிடக்கும் நிலம் அது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர்ப் பெரியாரின் நினைவாகக் கொடியேற்றம் நிகழும் நாள்களில் அக்கரை முழுதும் மக்கள் வெள்ளமாதல் இன்றுங் காணத்தக்கது. விழா என்பது இக்கரையோர மக்கள் அனைவர்க்கும் பொதுவான மொழி. அடியேன் வாழும் கோமாரி அதே கடற்கரையில் இன்னுந் தெற்கே, திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடைப்பட்டது. ஆதலின் அடிகளார் கண்ட காட்சிகளின் எச்சத்தை யாமும் ஓரளவு கண்டு வளர்ந்தோம்.

1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராக மயில்வாகனனார் தோன்றினார். கண்ணகையம்மன் அருள்புரியும் ஊரிலே அன்னையின் பெயரும் கண்ணம்மையாக அமைந்தது பொருத்தமே. குஞ்சித்தம்பி ஆசிரியரிடத்து எழுத்தறிந்தார். வைத்தியலிங்க தேசிகரிடத்துத் தமிழுடன் வடமொழியும் பயின்றார். பின் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலங் கற்றார். 1908ஆம் ஆண்டிலே, பதினாறாம் அகவையில், கேம்பிரிட்ஜ் சீனியர்ப் பரீட்சையில் தேறினார். கணிதத்தில் அவர்க்கிருந்த ஆற்றல் அக்காலத்திலேயே ஆசிரியர்களை வியப்பித்தது என்பர்.

இவ்வளவும் பள்ளிக்கூடம் தந்த கல்வி. பள்ளிக்கூடத்துக்கு அப்பால் ஊர் தந்த கல்வி ஒன்றும் உண்டு. அதனை இனிக் காண்போம்.

ஊர் தந்த கல்வி

கண்ணகையம்மன் சடங்கு கடல் தீர்த்தங் கொணர்ந்து கல்யாணக்கால் நடுவதோடு தொடங்கும். கப்புகனார் என்றும் கட்டாடியார் என்றும் ஊருக்கேற்பப் பெயர் பெறும் பூசகர் நோன்பிருந்து அம்மனுக்குப் பணி செய்வார். இரவுதோறும் உடுக்கின் தாளத்தோடு கண்ணகி வழக்குரை பாடப்படும். கோவலன் பிரிவும், சிலம்பு விற்கப் போன துயரும், மன்னன் அவையில் அவள் நீதி கேட்ட வீறும் ஏட்டைப் புரட்டியறியாத கிழவியர்க்கும் தெரியும். மடியிற் கிடக்கும் குழவிக்கும் கேட்கும். இறுதியில் வருவது குளிர்த்தி. மதுரையை எரித்த மாபத்தினியின் சினந் தணியக் குளிர்த்திப் பாடல் பாடி, வேப்பிலையால் நீர் தெளிப்பர். அவள் மனங் குளிர்ந்தால் மண்ணுங் குளிரும், மழை பொழியும், நோய் நீங்கும் என்பது மக்கள் நம்பிக்கை.

மதுரையிலும் பூம்புகாரிலும் ஏடாகி நின்ற சிலப்பதிகாரம், மட்டக்களப்பு நாட்டிலே ஆண்டுதோறும் உயிர்பெற்று எழுந்து நடமாடியது. கயவாகு மன்னன் பத்தினி வழிபாட்டை ஈழத்துக்குக் கொணர்ந்தான் என்பதைக் கற்றோர் நூலினால் அறிவர். காரைதீவுச் சிறுவனோ அவ்வழிபாட்டின் நடுவிலேயே பிறந்தான். கண்ணகி அவனுக்குக் காப்பியத் தலைவியாவதற்கு முன்னரே ஊரின் தாயாக இருந்தாள்.

கொம்பு விளையாட்டு என்பது இன்னொன்று. ஊரவர் வடசேரி எனவும் தென்சேரி எனவும் இரு கட்சியாகப் பிரிவர். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். பிறந்த குடிவழியாகவே ஒருவர்க்குக் கட்சி அமைந்துவிடும். வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, இரு திறத்தாரும் எதிரெதிரே நின்று இழுப்பர். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றார். வென்றோர் தோற்றோரை வசைப்பாட்டால் எள்ளுவர். தோற்றோர் அடுத்த கொம்புக்கு வஞ்சினம் உரைப்பர். நாள் முடிவில் இரு சேரியாரும் ஒருங்கே அம்மனை வணங்கி வீடு திரும்புவர். பகைமையை விளையாட்டாக்கி, விளையாட்டை வழிபாடாக்கி, வழிபாட்டினால் ஒற்றுமை காணும் இம்முறை எத்துணை நுட்பமானது! மழை பொய்த்த காலத்தும் கொள்ளைநோய் பரவிய காலத்தும் கொம்பு முறிப்பதை மக்கள் ஒரு மருந்தாகவே கொண்டனர்.

இன்னும் வசந்தன் ஆட்டம் உண்டு. கையிற் கோலேந்திய சிறுவரும் இளைஞரும் வட்டமாய்ச் சுழன்று, கோலோடு கோலைத் தட்டி ஆடுவர். இவ்வாட்டத்திற்குரிய பாடல்களை தி. சதாசிவ ஐயர் அரிதின் தேடி 1940ஆம் ஆண்டிலே வசந்தன் கவித்திரட்டு என அச்சேற்றியிராவிடின், அவற்றுட் பல இன்று மறைந்தொழிந்திருக்கும்.

குளிர்த்தி முடிந்து ஆனியும் ஆடியும் வருங்கால் கதிர்காம யாத்திரை தொடங்கும். வடக்கேயிருந்து கால்நடையாக வரும் அடியார் கூட்டம் இக்கடற்கரை வழியே திருக்கோவில், கோமாரி, பொத்துவில் கடந்து உகந்தையை அடையும். ஆங்கிருந்து காடு புகும். குடம் தூக்கிய பெண்டிரும், தோளிற் குழந்தை சுமந்த தந்தையரும், காவியுடுத்த முதியோரும் எங்கள் ஊர்த்தெரு வழியே அரோகரா ஒலியுடன் செல்லும் காட்சியை இன்றுங் காண்கின்றோம். பக்திப் பயணமேயாயினும் அதன்கண் உறவினர் கூடி உண்டு உறங்கி வழிநடக்கும் இன்பமும் உண்டு. மயில்வாகனனார் இளமையிலே, 1915ஆம் ஆண்டளவில், கதிரையம்பதி மாணிக்கப்பிள்ளையார்மேல் இரட்டைமணிமாலை பாடினார். அவர் கவித்துவத்தின் முதல் அரும்புகள் சில இந்த யாத்திரைப் பாதையிலேயே முகிழ்த்தன எனலாம்.

இங்கிலாந்தின் சிற்றூர்கள்

சிற்றூர் மக்கள் வேனிலிற் கூடி மகிழ்தல் நம் நாட்டிற்கே உரியதன்று. இங்கிலாந்திலே நெடிய பனிக்காலங் கழிந்து மே மாதம் பிறக்கும்போது, ஊர்நடுப் பசும்புற்றரையிலே கம்பம் நாட்டி மலர் சூட்டி அதனைச் சுற்றி ஆடுவர். ஆட்டு மயிர் கத்தரிக்குங் காலத்திலே ஊரவர் கூடி விருந்துண்பர். கோடையிலே கோயிற்பள்ளிச் சிறுவர்களை வண்டிகளில் ஏற்றிக் கடற்கரைக்கோ சோலைக்கோ அழைத்துச் சென்று உணவளித்து விளையாட விடுவர். ஆங்கிலக் கவியரசராகிய செகசிற்பியார் பிறந்ததும் அத்தகைய நாட்டுப்புறச் சூழலிலேதான். ஆட்டு மயிர் கத்தரிக்கும் விருந்தினை அவர் தம் நாடகமொன்றில் அரங்கிலேயே காட்டியுள்ளார். ஊர்த்திருவிழாவின் பாட்டும் ஆட்டமும் பெருங்காவியத்துக்கு உரமாதல் இரு நாட்டுக்கும் ஒத்ததோர் உண்மை.

செசில் சார்ப் என்னும் ஆங்கில இசையறிஞரின் செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1899ஆம் ஆண்டு திசம்பர் மாதம் 26ஆம் நாள், ஒக்சுபோர்டு நகரை அடுத்த எடிங்டன் என்னும் ஊரிலே அவர் விருந்தினராகத் தங்கியிருந்தார். அன்று சிலர் கால்களில் மணிகட்டி அவர் முன் ஆடினர். அது பெந்தகொஸ்தே விழாவை ஒட்டி, ஏறத்தாழ நம் வைகாசித் திங்களில், ஆடப்படும் வேனிலாட்டம். உறைபனியால் தொழிலிழந்தமையின், நாலு காசு தேடும் பொருட்டு அவர்கள் பருவமல்லாப் பருவத்தில் ஆடினர். அற்றைநாளிற் கேட்ட இசையே சார்ப்பின் வாழ்வை மாற்றிற்று. பின்னர் அவர் ஊரூராய்ச் சென்று ஆயிரக்கணக்கான பாடல்களைத் திரட்டினார். கற்றோர் இழிந்ததென்று ஒதுக்கியதே நாட்டின் செல்வம் என்று காட்டியது அவர் செய்த தொண்டு. அடிகளாரோ இன்னும் அரியதொரு வேலையை மேற்கொண்டார். ஆங்கிலேயர் தேடியது மறைந்துகொண்டிருந்த இசை. நம்மவர் தேடியது முற்றாக மறைந்தே போன இசை.

கல்வியும் துறவும்

மயில்வாகனனார் கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்றார். அக்காலத்தில் தென்கோவை கந்தையாபிள்ளை அவர்களிடம் சங்கநூல்களைப் பாடங்கேட்டார். 1916ஆம் ஆண்டு அவர் வாழ்விற் சிறந்ததோர் ஆண்டு. அவ்வாண்டிலேயே கொழும்புப் பொறியியற் கல்லூரியில் விஞ்ஞான டிப்புளோமாவும் பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதருமானார். ஒரு கையில் இலக்கணமும் மறுகையில் ஆய்கருவியும் ஏந்திய தமிழர் அந்நாளில் அரியர். 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமையாசிரியர் பதவியை ஏற்றார்.

உலகியல் நோக்கிற் பார்த்தால் ஒருவர் விரும்பத்தக்க யாவும் அவர்க்கு அமைந்துவிட்டன. அந்நிலையிலேதான் அவர் அனைத்தையும் துறந்தார். 1922ஆம் ஆண்டு சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924ஆம் ஆண்டு சிவானந்த அடிகளிடம் துறவு பெற்று விபுலானந்தர் என்னும் திருநாமம் பூண்டார். மடத்து வெளியீடுகளாகிய இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி என்னும் இதழ்களின் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

துறந்தவர் தமிழைத் துறந்தாரல்லர், கூத்தையும் துறந்தாரல்லர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் நாடகக்கலை பற்றி அவர் நிகழ்த்திய சொற்பொழிவு விரிந்து, 1926ஆம் ஆண்டு மதங்க சூளாமணி என்னும் நூலாயிற்று. சிலப்பதிகாரத்திலும் அதன் உரையிலும் சிதறிக் கிடந்த நாடகத் தமிழின் உறுப்புக்களை அதன்கண் தொகுத்தார். செகசிற்பியாரின் பன்னிரு நாடகங்களை எடுத்துக்காட்டாக ஆய்ந்தார். வடமொழித் தசரூபகத்தின் கருத்துக்களையும் இணைத்தார். காவியுடுத்த ஒருவர் நாடகம் ஆய்வதோ என்று அந்நாளிற் சிலர் ஐயுற்றிருக்கலாம். தெய்வ வழிபாடும் கூத்தும் ஒரே பந்தரின்கீழ் நிகழ்ந்த ஊரிலே பிறந்தவர்க்கு அவ்விரண்டும் வேறாகத் தோன்ற நியாயமில்லை.

ஊருக்குத் திரும்பிய பேரறிவு

1925ஆம் ஆண்டில் அடிகளார் ஈழம் திரும்பிக் கல்விப் பணியில் இறங்கினார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே அவர் எழுப்பிய சிவானந்த வித்தியாலயம் 1929ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. திருகோணமலை இந்துக் கல்லூரியும் அவர் பணியால் வளர்ந்தது. பிறந்த ஊராகிய காரைதீவிற் பெண்மக்கள் கல்விக்கெனச் சாரதா வித்தியாலயம் அவர் முயற்சியால் அமைந்தது. பெரிய நகரங்களிலே பெரும்பதவி வகித்தற்குரிய அறிவை, வண்டிப்பாதை மட்டுமே கண்ட சிற்றூர்ச் சிறுவர்க்கு அவர் பகிர்ந்தளித்தார்.

1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை முதல் தமிழ்ப் பேராசிரியராக ஏற்றது. 1933 வரை அங்கிருந்த காலத்தில், பல்கலைக்கழகத்தை அடுத்த திருவேட்களத்திலே தாழ்த்தப்பட்டோர் வாழும் சேரிகளுக்கு மாலைதோறும் சென்று எழுத்தறிவித்தார். பகலிற் பேராசிரியர், மாலையில் சேரிச் சிறுவர்க்குத் திண்ணை ஆசான். பண்டிதர் பலர் பாரதியாரைப் புலவரென ஒப்பத் தயங்கிய அக்காலத்திலே, பாரதி பாடல்களை மாணவரிடையே பரப்புவதற்குக் கழகங் கண்டவரும் அவரே. மக்கள் பாட்டை மக்களோடு நின்று கேட்டவர்க்கு, மக்களுக்காகப் பாடிய கவிஞனை அறிந்துகொள்வதில் இடர் என்ன?

அவர் உள்ளம் சமய எல்லையும் அறியாதது. 1942ஆம் ஆண்டு அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் கல்முனையிலே அரசாங்க அதிபரின் துணைவராகப் பணியாற்ற வந்தார். உணவுத் தட்டுப்பாடு மிக்க போர்க்காலம் அது. முஸ்லிம் மக்களின் கல்வி உயர்வில் அஸீஸ் அவர்கள் கொண்ட ஆர்வமும், கீழைக்கரைக் கல்விக்காக அடிகளார் மேற்கொண்ட தவமும் இருவரையும் இணைத்தன. காவியுடைத் துறவியும் இஸ்லாமிய அறிஞரும் கொண்ட அந்த நட்பினைக் கல்முனைப் பகுதியில் இன்றும் இரு சமூகத்தாரும் பெருமையோடு நினைக்கின்றனர்.

யாழைத் தேடிய கதை

இவ்வளவு பணிகளுக்கிடையே ஒரு வினா அவர் நெஞ்சை விடாது பற்றி நின்றது. பழந்தமிழர் மீட்டிய யாழ் எங்கே போயிற்று? சங்கப் பாணர் கையில் இருந்தது. நீலகண்ட யாழ்ப்பாணர் திருஞானசம்பந்தப் பிள்ளையார் பதிகங்களை அதில் இசைத்தார். பின் எவ்வாறோ வழக்கொழிந்தது. வடிவு தெரியாது, நரம்பின் அளவு தெரியாது, சுரநிலை தெரியாது. எஞ்சியவை சில பாட்டுக்களும் உரைகளுமே. அவற்றுள்ளும் தலையாயது சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் இருபத்தைந்து அடிகள்.

ஒன்றை ஈண்டுக் கருதல் வேண்டும். சிலப்பதிகாரத்திலே யாழ் எங்கெங்கே ஒலிக்கின்றது? அரங்கில் ஒலிக்கின்றது, அதனினும் நெஞ்சை உருக்குமாறு புகார்க் கடற்கரையில் ஒலிக்கின்றது. இந்திரவிழா முடிந்து, நகர மாந்தர் அனைவரும் கடலாடப் புறப்பட்ட நாளிலே, புன்னை நிழலிற் கோவலனும் மாதவியும் மாறி மாறி யாழ் மீட்டிக் கானல்வரி பாடினர். அப்பாட்டே அவர் பிரிவுக்குக் காரணமாயிற்று; காப்பியம் முழுதும் அதினின்று விரிந்தது. ஆகவே யாழ் என்பது மாளிகையின் உள்ளறைக் கருவியன்று; இளவேனில் விழாவிலும் ஊரார் கூடிய கடற்கரையிலும் ஒலித்த கருவி. அதே கதை உடுக்கொலியோடு ஒலிக்கும் கடற்கரை ஊரிலிருந்து ஒருவர் புறப்பட்டு அதனைத் தேடியது தற்செயல் என்று எமக்குத் தோன்றவில்லை.

மட்டக்களப்பு வாவியும் அவர்க்கு ஓர் ஆசான். நிலவெறிக்கும் இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே தோணியேறிச் சென்று, நீருக்குள்ளிருந்து எழும் இனிய ஒலியைக் கேட்டு வருதல் அப்பகுதி மக்கள் நெடுநாளாக விரும்பிய பொழுதுபோக்கு. துடுப்பின் ஒரு நுனியை நீரில் இட்டு மறுநுனியைச் செவியில் வைத்துக் கேட்பர். மீன் பாடுகின்றது என்பர் மக்கள். வாவிக் கரையிலே வாழ்ந்த அடிகளார் அவ்வொலியை நீரரமகளிர் இசையாகக் கற்பனை செய்து தம் நூலிலே பாடிவைத்தார். எளியோரின் நிலாக்கால உலா, அரிய இசைநூலில் இடம்பெற்ற வகை இது.

கற்பனையோடு அவர் நின்றாரல்லர். நரம்பின் நீளத்திற்கும் அது எழுப்பும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பௌதிக நூல் பயின்றோர் அறிந்தது. ஒரே விசையில் முறுக்கிய நரம்பின் நீளம் பாதியானால் ஒலி இருமடங்கு உயரும்; மூன்றில் இரண்டானால் குரலுக்கு இளியாகிய சுரம் பிறக்கும். இக்கணக்கைப் பற்றுக்கோடாகக் கொண்டு, பழைய நூல்களிற் கூறிய குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசையின் நிலைகளை ஒவ்வொன்றாகக் கணித்தார். வில்யாழ், பேரியாழ், சீறியாழ், மகரயாழ், சகோடயாழ் முதலியவற்றின் அமைதியை வகுத்தார். இளமையிற் கற்ற கணிதம், பண்டிதர் தேர்விற் கற்ற இலக்கணம், ஊரில் ஊறிய சிலப்பதிகாரப் பற்று ஆகிய மூன்று ஆறுகளும் ஈண்டுக் கூடின. பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு அது. இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்திலே பிரபுத்த பாரத இதழின் ஆசிரியராயிருந்தபோதும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியபோதும் அவ்வேலை ஓயவில்லை. உடல் நலிந்தது, உறுதி நலியவில்லை.

வைகாசியில் ஒரு திருவிழா

யாழ்நூல் முற்றிற்று. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை அச்சிட்டது. அரங்கேற்றத்திற்குத் தெரிந்தெடுத்த இடம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயில். வெள்ளம் பெருகிய ஆற்றிலே, ஓடக்காரனின்றிப் பதிகம் பாடியே திருஞானசம்பந்தர் ஓடத்தைக் கரை சேர்த்ததாகப் போற்றப்படும் தலம் அது. 1947ஆம் ஆண்டு சூன் மாதம் 5ஆம் 6ஆம் நாள்களில் விழா நிகழ்ந்தது. அடிகளார் வகுத்த கணக்கின்படி செய்யப்பட்ட யாழ்க் கருவிகள் ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டன. புலவரும் இசைவாணரும் பொதுமக்களும் திரண்டனர். நூற்றாண்டுகளாக ஏட்டில் உறங்கிய யாழின் ஒலியை மக்கள் செவியாரக் கேட்டனர்.

அந்த நாள்கள் வைகாசித் திங்களில் அடங்குவன. ஈழத்தின் கீழைக்கரையிலே கண்ணகையம்மன் கோயில்களிற் கதவு திறந்து குளிர்த்தி பாடும் அதே திங்கள்! நூலைப் பல்கலைக்கழக மண்டபத்தில் அறிஞர் சிலர் முன் வெளியிட்டிருத்தலும் கூடும். அவ்வாறன்றிக் கோயில் வாயிலிலே, ஊர்வலமும் இசையும் மக்கட் கூட்டமுமாக, ஊர்த் திருவிழாவைப் போலவே அந்நூல் அரங்கேறிற்று. காரைதீவிற் சிறுவனாகக் கூட்டத்தில் நின்று கண்ட வைகாசி விழாவை, முதுமையில் தம் அறிவின் பயனால் அவரே தமிழுலகுக்கு எடுத்தார்.

அதன்பின் 44 நாள்களே அவர் வாழ்ந்தார். விழாவின் முதல் நாளிலிருந்து எண்ணினால், 1947ஆம் ஆண்டு சூலை மாதம் 19ஆம் நாள் கொழும்பிலே அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். திருமேனி மட்டக்களப்புக்குக் கொணரப்பட்டுத் தாம் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவிலே ஒரு மரநிழலில் அடக்கஞ் செய்யப்பட்டது. அருகே வாவி, அதற்கப்பால் வயல், கிழக்கே கடல். அவர் இளமை முதல் நேசித்த நிலம் அவரை ஏற்றுக்கொண்டது.

நாம் செய்யவேண்டுவது

அடிகளாரின் பிறந்தநாள் வந்தால் பள்ளிக்கூடங்களிற் படத்துக்கு மாலையிட்டுப் பேச்சுப்போட்டி நடத்துகின்றோம். நன்று. ஆயின் ஒருநாள் எம் வகுப்பில் நிகழ்ந்த சிறு செய்தி ஒன்று நெஞ்சை விட்டு அகலாதிருக்கின்றது. யாழ்நூல் பற்றிப் பாடஞ் சொல்லிவரும்போது, கொம்பு விளையாட்டு எத்தகையது என்று மாணவரை வினவினேன். வடசேரி தென்சேரி என்னுஞ் சொற்களைச் சிலர் கேட்டிருந்தனர். கொம்பு கொளுவி இழுத்ததைக் கண்டவர் ஒருவரேனும் இலர். யாழ்நூல் வெளிவந்த ஆண்டு, நூலைப் பதிப்பித்தோர் பெயர் ஆகியவற்றை அவர்கள் பிழையறச் சொன்னார்கள்.

யாழ் எவ்வாறு மறைந்தது என்பதற்கு அடிகளார் பல்லாண்டு விடை தேடினார். அவ்வகுப்பிலே ஒரு விடை எமக்குக் கிடைத்தது. ஒரு கலை பகைவரால் மட்டும் அழிவதில்லை. அதனைக் கற்றோர் சிறிதெனக் கருதிக் குறித்துவையாமையாலும், மற்றோர் நாளையும் நிகழும் என நம்பி இருந்துவிடுவதாலும் ஓசையின்றி மறைந்துபோகின்றது. கொம்பு விளையாட்டு எத்தனையோ ஊர்களில் நின்றுவிட்டது. வசந்தன் ஆடத்தெரிந்த அண்ணாவிமார் முதுமையுற்றனர். குளிர்த்திப் பாடலை ஏடு பாராது பாடவல்லோர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினர். பாணன் கையில் யாழ் இருந்த காலத்தில் யாரேனும் ஒருவர் அதன் நரம்பை அளந்து எழுதிவைத்திருந்தால், ஒரு பேரறிஞர் தம் வாழ்நாளையெல்லாம் இருபத்தைந்து அடிகளுக்குப் பொருள்காணச் செலவிட நேர்ந்திராது.

ஆதலின் தமிழாசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் யாம் கூறவிரும்புவது ஒன்றே. அடுத்த வைகாசியில் உடுக்கொலி கேட்கும்போது அதனை இரைச்சலென்று சாளரத்தை அடையாதீர்கள். ஏடும் எழுத்தாணியுமாக, இக்காலத்தில் கைப்பேசியின் ஒலிப்பதிவுமாக, அக்கூட்டத்திற் சென்று நில்லுங்கள். முதியவர் ஒருவர் அருகிலமர்ந்து, கொம்பின் மரம் எது, வடம் எத்தனை முழம், எந்தக் குடிக்கு எந்தச் சேரி என்று கேட்டு எழுதுங்கள். கல்முனைக்குடிக் கொடியேற்றத்தையும், வயலிற் பாடும் கவிகளையும், கதிர்காமப் பாதையில் அடியார் சொல்லும் கதைகளையும் அவ்வாறே குறித்துவையுங்கள். அக்கூட்டத்திலே, தந்தையின் தோள்மேல் அமர்ந்து கண்ணிமையாது நோக்கும் சிறுவன் ஒருவன் இருப்பான். அவன் எதிர்காலத்தில் யாராகப் போகின்றான் என்பதை யார் அறிவார்? அவன் தேடும் நாளில் அவன் கைக்கு இருபத்தைந்து அடிகளேனும் எஞ்சுமாறு செய்வது நம் கடன்.